வாஷிங்டன் பெல்ட்வேல ஒரே ரோட்டுக்கு ஏன் ரெண்டு நம்பர்?

சென்னைலேர்ந்து வந்து, வாஷிங்டனுக்கு வடக்க மேரிலாந்து மாநிலத்துல ராக்வில்ல தங்கியிருக்கிற ஒருத்தர் கேட்டிருக்காரு: வாஷிங்டனைச் சுத்தி ஓடுற பெல்ட்வேல கிழக்குப் பக்கம் போனா போர்டுல 95, 495 ரெண்டு நம்பரும் இருக்கு, மேற்குப் பக்கம் 495 மட்டும்தான் இருக்கு, ரேடியோல இன்னர் லூப் அவுட்டர் லூப்னு வேற சொல்றாங்க, அப்ப இது ரெண்டு வட்டமா ஒரு வட்டமா, ஆத்துக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியா மாநிலத்துல டைசன்ஸ்ல வேலைக்குச் சேரப்போறேன், வீடு எந்தப் பக்கம் பாக்கலாம்னு. படிச்சா நம்பர் பத்தின சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா இதுக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. வடக்க மெய்ன் மாநிலத்துலேர்ந்து தெற்க மயாமி வரைக்கும் போற 95, வழியில பல பெரிய ஊருக்குள்ள நேராப் புகுந்து போகுதே, நாட்டோட தலைநகரை ஏன் சுத்திப் போகுதுன்னு. அதுக்கு பதில் சொன்னா நம்பர் கேள்விக்கும் பதில் தானா வந்துடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நான் கிண்டில சிவில் படிச்சிட்டு இங்க வந்து டிரான்ஸ்போர்ட்டேஷன்ல மேல படிச்சேன், 19 வருஷமா வடக்கு வர்ஜீனியால ட்ராஃபிக் கணக்கெடுக்கிறது, அதை வெச்சு மாடல் போடுறதுன்னு இதே வேலைதான். வர்ஜீனியா பக்கத்து பெல்ட்வேயை வேலை செஞ்சு தெரியும். மேரிலாந்து பக்கம் நான் வேலை செஞ்சதில்ல, அங்க என் அனுபவம் காரை ஓட்டுறவனோட அனுபவம்தான், அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல லூப் விஷயம். வட்டம் ஒண்ணுதான். மொத்தம் 64 மைல், அதுல 42 மேரிலாந்து, 22 வர்ஜீனியா. ஒரே ரோட்டோட ரெண்டு திசைக்குத்தான் ரெண்டு பேரு. இங்க எல்லாரும் ரோட்டோட வலது பக்கம் ஓட்டுறதால, கடிகார முள் சுத்துற திசைல போறவங்க வட்டத்தோட உள்பக்க ஓரத்துல ஓடுவாங்க, அது இன்னர் லூப். எதிர்த்திசைல வர்றவங்க வெளி ஓரம், அது அவுட்டர் லூப். நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறதால இது அப்படியே தலைகீழா வரும், புதுசா வர்றவங்களுக்குக் குழம்புறதுக்கு அதுவும் ஒரு காரணம். கிழக்கு மேற்குன்னு சொல்லிட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. வட்டத்துல அது வேலைக்கு ஆகாது, ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்து டைசன்ஸ் போறப்ப வடக்கால போற அதே லேன், பெத்தஸ்டாலேர்ந்து சில்வர் ஸ்பிரிங் போறப்ப கிழக்கால போகும், லேன்ஹாமைத் தாண்டினா தெற்கால இறங்கும். அதனால கார்ல உக்காந்தா ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, வாஷிங்டன் உங்க வலது கைப்பக்கம் இருந்தா நீங்க இன்னர் லூப்ல இருக்கீங்க.

இப்ப வழியைச் சொல்றேன், இன்னர் லூப்லயே போவோம். தெற்க பொட்டோமாக் ஆத்து மேல உட்ரோ வில்சன் பாலம். அந்தப் பாலத்துல ஓடுறப்ப ஆத்துக்கு நடுவுல சில நூறு அடிக்கு வாஷிங்டன் டிசியோட எல்லைக்குள்ள போயிட்டு வர்றோம், மத்தபடி இந்த ரோடு டிசியைத் தொடுறதே இல்ல. பாலம் இறங்கினா வர்ஜீனியா, அலெக்ஸாண்ட்ரியா, ஸ்பிரிங்ஃபீல்டு, அனண்டேல், மெரிஃபீல்டு, டைசன்ஸ், மக்லீன், அப்புறம் மறுபடியும் பொட்டோமாக் மேல அமெரிக்கன் லீஜன் பாலம். அதைத் தாண்டினா மேரிலாந்து. பெத்தஸ்டா, ராக் க்ரீக் பூங்கா வழியா வளைஞ்சு வளைஞ்சு போற துண்டு, சில்வர் ஸ்பிரிங், காலேஜ் பார்க், க்ரீன்பெல்ட், லேன்ஹாம், லார்கோ, ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளம், ஆக்ஸன் ஹில், திரும்பவும் வில்சன் பாலம். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இந்த வட்டத்துல லேன்ஹாம்தான் முதல்ல பழக்கமாகும், சிவா விஷ்ணு கோயிலும் முருகன் கோயிலும் அங்கதான் இருக்கு, பொங்கல் தைப்பூசம்னா 20ஆம் நம்பர் எக்ஸிட்ல வேட்டி கட்டின டிரைவர்களைப் பாக்கலாம்.

எக்ஸிட் நம்பரை கவனிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா ஒரு விஷயம் புடிபடும். வில்சன் பாலத்தை விட்டு வர்ஜீனியாக்குள்ள நுழைஞ்சதும் 177, 176, 174, 173னு வரிசையா இறங்கும். ஸ்பிரிங்ஃபீல்டு வந்ததும் சடார்னு 57. அதுக்கப்புறம் 54, 52, 51னு குறைஞ்சுகிட்டே போயி, ஆத்தைத் தாண்டி மேரிலாந்துலயும் அதே கணக்கு தொடர்ந்து 41, 40, 39னு கடைசில 2 வரைக்கும் வரும். நான் வந்த புதுசுல ஏதோ போர்டு தப்பா மாட்டிட்டாங்கன்னு நெனச்சேன். தப்பு இல்ல. இங்க எக்ஸிட் நம்பர்ங்கிறது மைல் கணக்கு. 177ங்கிறது வட கரோலினா எல்லைலேர்ந்து 95ஓட எண்ணி வந்த மைல். வர்ஜீனியாவோட தெற்கு எல்லைல ஆரம்பிச்ச எண்ணிக்கை ஸ்பிரிங்ஃபீல்டு வழியா வந்து, கிழக்கால திரும்பி, பெல்ட்வே மேலயே ஏறி வில்சன் பாலத்துல முடியுது. மேரிலாந்துல பூஜ்யத்துலேர்ந்து புதுசா ஆரம்பிச்சு காலேஜ் பார்க்ல 27ஆ வந்து, அங்க 95 வடக்கால பிரிஞ்சு பால்டிமோர் போயிடுது. அதாவது வட்டத்தோட கிழக்குப் பாதியை 95 இரவல் வாங்கி ஓடிட்டிருக்கு. மேற்குப் பாதில அந்த இரவல் இல்ல, அதனால அங்க 495 மட்டும். உங்க கேள்விக்கு நேரடி பதில் இவ்ளோதான். ஏன் இரவல் வாங்க வேண்டி வந்துச்சுங்கிறதுதான் பெரிய கதை.

இந்த ரோடு கட்டுனது 1950களோட கடைசிலயும் 60களோட ஆரம்பத்துலயும். வில்சன் பாலத்துக்கு அமெரிக்க காங்கிரஸ் 1954லயே அனுமதி குடுத்துடுச்சு, 1956ல மாநிலங்களை இணைக்கிற நெடுஞ்சாலைகளுக்கான இன்டர்ஸ்டேட் சட்டம் வந்ததும் செலவுல 90 சதவீதம் மத்திய அரசே குடுக்கிற நிலைமை வந்துச்சு, அப்புறம்தான் வேலை வேகம் புடிச்சது. பாலத்தை 1961 டிசம்பர் 28ஆம் தேதி திறந்தாங்க, அது ஜனாதிபதி உட்ரோ வில்சனோட பிறந்தநாள். அவரோட மனைவி ஈடித் வில்சன்தான் அன்னிக்கு முக்கிய விருந்தாளியா வர்றதா இருந்துச்சு, 89 வயசு அவங்களுக்கு, அதே நாள் அவங்க இறந்துட்டாங்க. மேல்பக்கத்து ஆத்துப் பாலம், அப்ப அதுக்குப் பேரு கேபின் ஜான் பாலம், 1962 டிசம்பர் 31ல திறந்துச்சு, 1969லதான் அதுக்கு அமெரிக்கன் லீஜன் பேரு வந்துச்சு. 1964 ஆகஸ்ட் 17ல மேரிலாந்துல கடைசித் துண்டு முடிஞ்சு வட்டம் முழுசாச்சு.

அன்னிக்கு இருந்த வரைபடத்தைப் பாத்தீங்கன்னா பெல்ட்வே முக்கியமான ரோடே இல்ல, அது வெளியூர் வண்டிங்க ஊருக்குள்ள வராம சுத்திப் போறதுக்கான புறவழி, அவ்ளோதான். முக்கியமா நெனச்சது ஊருக்குள்ள போடப்போற ஃப்ரீவேக்களை, அதாவது சிக்னல் இல்லாத வேக ரோடுகளை. 95 ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்து நேரா வடக்க பென்டகனைத் தாண்டி, ஆத்தைத் தாண்டி, டிசிக்கு நடுவுல புகுந்து, வடகிழக்கால ப்ரூக்லாண்டு, டகோமா பார்க் பக்கமா வெளிய வந்து, காலேஜ் பார்க்ல பெல்ட்வேயைக் குறுக்க வெட்டிட்டு பால்டிமோர் போகணும்னு திட்டம். டிசிக்குள்ளயே தனியா ஒரு சின்ன வட்டமும் போட்டிருந்தாங்க, அதுக்கும் பேரு இன்னர் லூப்தான், இப்ப ரேடியோல சொல்ற இன்னர் லூப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பழைய செய்தியெல்லாம் படிக்கிறவங்க இங்க தடுக்கி விழுறாங்க.

அந்த ரோடு வர்ற வழியில இருந்தது வீடுங்க. ப்ரூக்லாண்டுல மட்டும் 60க்கும் மேல வீடுகளை நகர நிர்வாகம் கையகப்படுத்திடுச்சு. நடுத்தரக் குடும்பத்து கறுப்பின மக்கள் கைக்காசு போட்டு வாங்கின வீடுங்க, முன்னாடி ஒரு சின்ன வராண்டா, பின்னாடி ஒரு துண்டு தோட்டம். வெளில புறநகர்ல வீடு வாங்கினவன் பத்து நிமிஷம் சீக்கிரம் ஆபீஸ் வர்றதுக்கு ஊருக்குள்ள இருக்கிறவன் வீட்டை இடிக்கணுமாங்கிறதுதான் கேள்வி. ரெஜினால்டு புக்கரும் சாமி ஆபட்டும் முன்ன நின்னு நடத்துன அமைப்பு, வெள்ளைக்காரனோட ரோடு கறுப்பு மக்களோட வீடு வழியாவான்னு போஸ்டர் அடிச்சு ஊர் முழுக்க ஒட்டினாங்க. 1969ல ப்ரூக்லாண்டுல காலி பண்ணி ஆணி அடிச்சு மூடி வெச்சிருந்த வீட்டுக்குள்ள புகுந்து பலகையைப் பிச்சுப் போட்டு உக்காந்தாங்க. ஜார்ஜ்டவுன் பக்கத்துல ஆத்து மேல வர இருந்த த்ரீ சிஸ்டர்ஸ் பாலத்துக்கு எதிரா காலேஜ் பசங்க இறங்கினாங்க. கோர்ட்ல கேஸ் மேல கேஸ். ஒரே கட்சிக்காரங்களோ ஒரே நிறத்துக்காரங்களோ இல்ல, டகோமா பார்க் வெள்ளைக்காரங்களும் ப்ரூக்லாண்டு கறுப்பின மக்களும் ஒரே பக்கம் நின்னாங்க, அந்தக் காலத்துல அது சாதாரண விஷயம் கிடையாது.

எதிர்ப்பக்கம் இருந்ததும் லேசுப்பட்ட ஆள் இல்ல. கென்டக்கி மாநிலத்து எம்பி வில்லியம் நாட்சர், டிசிக்குப் பணம் ஒதுக்குற துணைக்குழுவுக்குத் தலைவர். ஃப்ரீவே வேலையை ஆரம்பிக்காம மெட்ரோ ரயிலுக்கு ஒரு பைசா விட மாட்டேன்னு வருஷக்கணக்கா புடிச்சு வெச்சிருந்தாரு. 1971 டிசம்பர்ல அவரோட சக எம்பிக்களே ஓட்டுப்போட்டு அவரை மீறி மெட்ரோவுக்குப் பணத்தை விடுவிச்சாங்க. 1973ல வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேல, வேண்டாம்னு விட்ட இன்டர்ஸ்டேட் ரோட்டோட பணத்தை ரயில் மாதிரி பொதுப் போக்குவரத்துக்கு மாத்திக்கலாம்னு வழி விட்டுச்சு. டிசிக்குள்ள போட இருந்த ஃப்ரீவேக்களோட பணம் பெரும்பகுதி அப்படித்தான் மெட்ரோவுக்குப் போச்சு. 1976 மார்ச் 27ல முதல் ரயில் ஓடிச்சு. நீங்க ராக்வில் பக்கத்துலேர்ந்து தினம் ஏறுற ரெட் லைன் இருக்கே, அது டிசியோட அந்தப் பக்கம் வெளிய வர்றப்ப ப்ரூக்லாண்டு, டகோமான்னு நிக்கும், பழைய ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகும். ஃப்ரீவே போட நெனச்சதும் அதே பாதைலதான். ஜன்னல் வழியா பாத்தீங்கன்னா அந்த வீடுங்க இன்னும் இருக்கு.

ஊருக்குள்ள ரோடு இல்லேன்னு முடிவானதும் 95ங்கிற நம்பரை எங்க வெக்கிறது? நடுவுல அத்துப்போன ரோட்டை எங்கயாவது சேத்துதானே ஆகணும். 1977ல பெல்ட்வேயோட கிழக்குப் பாதிக்கு 95னு பேர் மாத்தினாங்க. ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்து டிசிக்குள்ள போற பழைய துண்டு 395 ஆச்சு. அப்ப ஒரு தப்பு பண்ணாங்க, கிழக்குப் பாதிலேர்ந்து 495ஐ சுத்தமா எடுத்துட்டாங்க. ஒரே வட்டத்துல பாதிக்கு ஒரு பேரு, மீதிக்கு இன்னொரு பேரு. வெளியூர்க்காரன் 495லயே போனா சுத்தி வந்துடலாம்னு நெனச்சா பாதி வழில நம்பர் காணாம போயிடும். இந்தக் குழப்பம் பல வருஷம் ஓடி, 1991ல திரும்பவும் வட்டம் முழுக்க 495 போர்டு வெச்சாங்க, கிழக்குல மட்டும் பக்கத்துலயே 95. நீங்க பாத்த ரெட்டை போர்டு வந்த வழி இதுதான்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் பதிவுல இருக்கிற விஷயம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இனிமே சொல்றதுல கொஞ்சம் என் கருத்தும் கலந்திருக்கும். ஊருக்குள்ள அந்த ரோடு வந்திருந்தா பெல்ட்வேல இவ்ளோ நெரிசல் இருந்திருக்காதுன்னு இங்க பல பேரு சொல்லுவாங்க, என்கூட வேலை பாக்கிறவங்களே சொல்லுவாங்க. வில்சன் பாலத்துல வெளியூர் லாரி குறைஞ்சிருக்கும்ங்கிறது வரைக்கும் நியாயம். ஆனா பெல்ட்வேயை நெரிக்கிறது பெரும்பாலும் வெளியூர் வண்டி இல்ல, ரெண்டு மூணு எக்ஸிட் ஏறி இறங்குற நம்ம மாதிரி ஆளுங்கதான். டைசன்ஸையே எடுத்துக்கோங்க, ரோடு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கிராமத்து ரோடு சந்திக்கிற இடம். பெல்ட்வே திறந்து நாலு வருஷத்துல, 1968ல, அங்க பெரிய மால் வந்துச்சு, அப்புறம் ஆபீஸ் மேல ஆபீஸ். புறவழின்னு போட்ட ரோடு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல கடைத்தெரு மாதிரி ஆயிடுச்சு. வளர்ச்சி டிசியை விட்டு வட்டத்து மேலயே வந்து உக்காந்த அப்புறம், ஊருக்குள்ள போற ரோடு எத்தனை போட்டாலும் வட்டத்துல சுத்துறவனுக்கு அது உதவாது. என்னைக் கேட்டா அந்த வீடுகளைக் காப்பாத்தினது சரி, மெட்ரோ கட்டினது ரொம்ப சரி.

நெரிசல் எப்படி உருவாகுதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்ததைச் சொல்றேன். வேலைக்குச் சேந்த முதல் வருஷம், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடக்க ஒரு மேம்பாலத்துல, பட்டன் வெச்ச எண்ணுற பலகையைக் கைல புடிச்சுக்கிட்டு காலைல ஆறு மணிலேர்ந்து நின்னேன், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கூட்டி எழுதணும். ஏழு மணி வரைக்கும் லேனுக்கு மணிக்கு 2000 வண்டி கணக்குல சீரா ஓடிட்டிருந்துச்சு, ஒரு லேன் தாங்குறது கிட்டத்தட்ட அவ்ளோதான். ஏழே காலுக்குத் தூரத்துல ஒரு பிரேக் லைட் எரிஞ்சுது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அப்புறம் வரிசையா, வண்டிங்க எல்லாம் முன்னாடி போயிட்டிருக்கு ஆனா அந்தச் சிவப்பு மட்டும் பின்னாடி என்னை நோக்கி நடந்து வருது. மூணு நாலு நிமிஷத்துல என் காலுக்குக் கீழ வந்து, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. விபத்து எதுவும் இல்ல. மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்துல பின்னோக்கிப் போற அலை அது, புஸ்தகத்துல படிச்சது கண்ணு முன்னாடி வந்தப்ப உடம்பு சிலிர்த்துச்சு. 2008ல ஜப்பான்ல இதை சோதனையாவே செஞ்சு காட்டினாங்க, 230 மீட்டர் சுத்தளவு வட்டத்துல 22 காரை ஒரே வேகத்துல ஓட்டச் சொன்னாங்க, குறுக்க ஒண்ணுமே இல்ல, கொஞ்ச நேரத்துல தானா நெரிசல் உண்டாகி பின்னாடி நகர ஆரம்பிச்சுடுச்சு. அப்படி ஒரு தடவை உடைஞ்சா ரோடு தாங்குற அளவே கொஞ்சம் குறைஞ்சுடும், அதனாலதான் ஏழே காலுக்குக் கெட்டது ஒன்பதரை வரைக்கும் சரியாகிறதில்ல. நீங்க ஏழு மணிக்குக் கிளம்புறதுக்கும் ஏழே காலுக்குக் கிளம்புறதுக்கும் வித்தியாசம் 15 நிமிஷம் இல்ல, அதைவிட அதிகம்.

அலை ஒரு பக்கம்னா, ரோடு குறுகுற இடம் இன்னொரு பக்கம். பழைய வில்சன் பாலம் அதுக்கு உதாரணம். 70கள்ல பெல்ட்வேயை எட்டு லேனா அகலப்படுத்தினாங்க, பாலம் மட்டும் ஆறு லேனாவே நின்னுச்சு. நாளைக்கு 75,000 வண்டிக்குக் கட்டினது, 90களோட கடைசில கிட்டத்தட்ட 2 லட்சம் தாங்கிட்டிருந்துச்சு. போதாததுக்கு அது திறந்து மூடுற பாலம், கப்பலுக்காக வருஷத்துக்கு கிட்டத்தட்ட 260 தடவை தூக்குவாங்க. 1998 நவம்பர்ல ஒரு மனுஷன் குதிக்கப்போறேன்னு பாலத்துல நின்னாரு, அஞ்சு மணி நேரத்துக்கு மேல மூடி வெச்சாங்க, அவரு உயிர் பிழைச்சாரு, ஆனா அன்னிக்கு சாயங்காலம் சுத்துவட்டாரத்துல எந்த ரோடும் நகரலை. இந்த ஊரு ஒரே பாலத்தை எவ்ளோ நம்பியிருக்குன்னு எல்லாருக்கும் அன்னிக்குத்தான் உறைச்சுது. புதுப் பாலத்தோட முதல் பாதி 2006ல, ரெண்டாவது 2008ல திறந்துச்சு, 12 லேன், உயரத்தை 50 அடிலேர்ந்து 70 அடிக்கு ஏத்தினதால தூக்குற தடவையும் நல்லாவே குறைஞ்சுடுச்சு. பக்கத்து இன்டர்சேஞ்ச்களோட சேத்து சுமார் 250 கோடி டாலர். பிற்காலத்துல ரயில் ஓட்டலாம்னு அதுக்கும் பலம் வெச்சுதான் கட்டியிருக்காங்க. பழைய பாலத்தை வெடி வெச்சு தகர்க்கிறப்ப, பல வருஷம் அதுல மாட்டி அவதிப்பட்ட ஒரு பயணியைத் தேர்ந்தெடுத்து அவர் கையாலயே வெடிக்க வெச்சாங்க.

ஸ்பிரிங்ஃபீல்டு சந்திப்பைப் பத்தி ரொம்ப எழுத வேண்டாம், 95, 395, 495 மூணும் முட்டிக்கிற இடம், எட்டு வருஷம் வேலை நடந்து 2007ல முடிஞ்சுது, 67 கோடி டாலருக்கு மேல செலவு. மிக்ஸிங் பவுல்னு சொல்லுவாங்க, அந்தப் பேரு உண்மைல முதல்ல பென்டகன் பக்கத்து சந்திப்போடது, அப்புறம் இதுக்கு ஒட்டிக்கிச்சு. அதுக்கு அடுத்த பெரிய மாற்றம் 2012 நவம்பர்ல திறந்த எக்ஸ்பிரஸ் லேன். ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்து டைசன்ஸைத் தாண்டி வரைக்கும் 14 மைல், நெரிசல் கூடக் கூட டோலும் ஏறும், கார்ல மூணு பேரா போனா காசில்ல, ஆனா அதுக்கு கார்ல ஒட்டி வெக்கிற டோல் கருவியான ஈ-இஸட்பாஸ்ல ஃப்ளெக்ஸ் வகை வாங்கி கார்பூல் பக்கம் தள்ளி வெச்சிருக்கணும், சாதா பாஸ் வெச்சுக்கிட்டு நாலு பேரா போனாலும் காசு புடிச்சுடுவாங்க. இது நல்லதா கெட்டதாங்கிறதுல என் மனசே ரெண்டா இருக்கு. அந்த லேன்ல பஸ் தடையில்லாம ஓடுது, அது நிஜமான லாபம். காசு இருக்கிறவனுக்கு ஒரு வேகம் இல்லாதவனுக்கு ஒரு வேகம்ங்கிறதும் நிஜம். மேரிலாந்துலயும் இதே மாதிரி போடுறதா பேசி, எடுத்து நடத்த வந்த கூட்டமைப்பு 2023 மார்ச்ல விலகிடுச்சு.

இப்ப உங்க வீட்டு விஷயம். பெல்ட்வேக்கு உள்ளயா வெளியயான்னு எல்லாரும் கேக்கிறாங்க, எனக்கு அது சரியான கேள்வியா தெரியல. ஆத்தைத் தினமும் தாண்டணுமா வேண்டாமாங்கிறதுதான் கேக்க வேண்டியது. ராக்வில்லேர்ந்து டைசன்ஸ் போகணும்னா அமெரிக்கன் லீஜன் பாலம்தான். அந்தப் பாலத்தை விட்டா மேல்பக்கம் ஆத்தைத் தாண்ட அடுத்த பாலம் பாயின்ட் ஆஃப் ராக்ஸ்ல, ரொம்ப தூரம். நடுவுல ஒயிட்ஸ் ஃபெர்ரின்னு கார் ஏத்துற படகு ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு, 2020 டிசம்பர்ல அதுவும் நின்னுடுச்சு. ஒரு காலத்துல இந்த வட்டத்துக்கு வெளிய இன்னொரு பெரிய வட்டம் போட்டு, அங்க ஒரு பாலம் வர்றதா இருந்துச்சு, அந்த வட்டத்துல துண்டு துண்டாத்தான் வந்துச்சு, மேரிலாந்துல 2011ல திறந்த 200ஆம் நம்பர் டோல் ரோடு அதுல ஒண்ணு, பாலம் வரவே இல்ல. அதனால காலைல இன்னர் லூப்பும் அவுட்டர் லூப்பும் அந்தப் பாலத்துல வந்து குவியுது. ரெட் லைன்ல மெட்ரோ சென்டர் வந்து சில்வர் லைன் மாறி டைசன்ஸ் போகலாம், 2014லேர்ந்து அந்த வசதி இருக்கு, ஆனா ஊருக்குள்ள போய் சுத்தி வர்றதால ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். தினம் போற வேலைன்னா வியன்னா, ஃபால்ஸ் சர்ச், ரெஸ்டன் பக்கமா வீடு பாருங்கன்னுதான் சொல்லுவேன். வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள் போனா போதும்னா ராக்வில்லயே இருங்க, குழந்தைங்க ஸ்கூலை மாத்த வேண்டாம். மேரிலாந்துக்குள்ளயே பெத்தஸ்டாலேர்ந்து நியூ கரோல்டன் வரைக்கும் வட்டத்தை ஒட்டி பர்ப்பிள் லைன்னு ஒரு ரயில் 16 மைலுக்குக் கட்டிட்டிருக்காங்க, 2017ல ஆரம்பிச்ச வேலை, அது வந்தாலும் ஆத்தைத் தாண்டாது, அதனால டைசன்ஸ் கணக்குல அதைச் சேக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. சாமி கும்பிட லேன்ஹாம் போவீங்கல்ல, ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு முன்னாடி கிளம்புங்க, ரோடு காலியா இருக்கும். ராக்வில்லேர்ந்து 270ஆம் நம்பர் ரோட்டுல வந்து பெல்ட்வேல இன்னர் லூப் எடுத்தீங்கன்னா, ராக் க்ரீக் வளைவு, சில்வர் ஸ்பிரிங் எல்லாம் தாண்டி 27ஆம் எக்ஸிட் வரும், பால்டிமோர்லேர்ந்து வர்ற 95 வந்து சேர்ற இடம். நீங்க ஓட்டாதீங்க, வீட்டுல வேற யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு வலது பக்கம் பாருங்க. வெறும் ரெண்டு ரோடு சேர்றதுக்கு இவ்ளோ எடம் எதுக்குன்னு தோணும், ராம்ப்புங்க தெற்குப் பக்கம் அவ்ளோ தூரம் இறங்கி வளைஞ்சு வரும். வடக்கேர்ந்து வர்ற ரோடு இங்க நிக்காம நேரா தெற்க போகும்னு நெனச்சுக் கட்டின இடம் அது. அந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தா ரோடு டகோமா பக்கமா ப்ரூக்லாண்டுக்குள்ள போயிருக்கும்.